ஸ்டெல்லா கொண்டுபோன நீலக் கோப்பு

அந்தச் சனிக்கிழமை மாலை ஜெபமாலைக்கு முழங்காலில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் கணவர் அந்தோணி, மகள் ஜெனிபர், கீழ்வீட்டு பாக்கியம் அக்கா. பாதியில் போன் வந்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி மோதி எங்கள் ஸ்டெல்லா இறந்துவிட்டார் என்று அவர் வேலை பார்த்த ஆய்வகத்துப் பெண் அழுதாள்.

ஸ்டெல்லா என் கணவரின் தங்கை. இராயபுரத்தில் எங்கள் தெருவிலேயே வளர்ந்து, இதயத் தசை எப்படி வளர்கிறது, அதற்கு இரத்தக் குழாய் எப்படிக் கிளைத்து வருகிறது என்று ஆராய்ந்தவர். எட்டாவது வரை படித்த எனக்கு அது புரிந்தது, என் கணவர் செய்த ஒரு தவறால்.

அந்தோணி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். வாலிபத்தில் பாக்சிங் ஆடியவர். மூன்று வருடங்களுக்கு முன், பிரஷரால் இதயத் தசை தடித்துவிட்டதாக ஸ்கேனில் வந்தது. அந்தப் படத்தை பாக்சிங் கூடத்துக்கே எடுத்துப்போய்க் காட்டினார். "மாமு, உன் ஹார்ட்டே பாடி போட்டுக்குச்சுடா!" என்று நண்பர்கள் கைதட்டினார்கள். மாத்திரை சாப்பிட்டால் ஏறிய சதை கரைந்துவிடுமாம், அதனால் அதையும் நிறுத்திவிட்டார்.

கேள்விப்பட்டு ஓடி வந்த ஸ்டெல்லா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னாண்ணா, பெருமையா காட்டிகினு திரியிறியாமே? இது கர்லாக் கட்டை சுத்தி ஏறுன சதை இல்ல. முக்கி முக்கி வீங்குனது."

"சதைன்னா பலம்தானே?"

"கொருக்குப்பேட்டைல மாடி மேல மாடி கட்டிகினே போறான். பைப்பு அதே பழைய பைப்பு. மேல் வூட்டுக்குத் தண்ணி ஏறுமா? சொல்லு."

அந்தோணி மாத்திரையை எடுத்து விழுங்கினார்.

பிறகு ஸ்டெல்லா எனக்குப் பொறுமையாகச் சொன்னார். அழுத்தம் கூடினால் ஒவ்வொரு தசை உயிரணுவும் இழுபடும். அந்த இழுப்பு ஒரு சேதியாகி, உள்ளே கைமாறிக் கைமாறிப் போய், 'பெரிதாகு' என்று சொல்லும். அதே அணு பக்கத்து இரத்தக் குழாய்க்கும் சொல்லி அனுப்பும். குழாய் அதை நோக்கிக் கிளைவிடும். அழுத்தம் ஓயாவிட்டால் குழாய் பின்தங்கும், தசை மூச்சுக்குத் திணறும்.

"நீ ஜெனிபரை சொமந்தப்போ உன் இதயமும் பெருசாச்சு அண்ணி. குழாயும் கூடவே வளந்துச்சு. பெத்தப்புறம் தானா இளைச்சுது. உனுக்கே தெரியாது."

நான் நெஞ்சில் கைவைத்து நின்றுவிட்டேன். எனக்குத் தெரியாமலே எனக்குள் சாரம் கட்டி, வேலை முடிந்ததும் பிரித்துவைத்தது யார் கை என்று மட்டும் எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து அந்தோணியின் பிரஷரைக் காலையும் மாலையும் நோட்டில் குறித்தேன், ஒரு நாள் விடாமல். "எங்க லேபுலகூட இவ்ளோ சுத்தமா எழுத மாட்டாங்க" என்பார் ஸ்டெல்லா.

போன வருடம் தம் ஆய்வகத்துக்கு அழைத்துப் போனார். நுண்ணோக்கியில் குனிந்தேன். கண்ணாடித் தட்டில் எலியின் இதய அணுக்கள் தம்பாட்டில் துடித்தன. தனியாக இருந்தவை தனித்தனியே. ஒன்றையொன்று தொட்டவை ஒரே தாளத்தில். என்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டேன். படித்தவர்கள் சிரிப்பார்களே என்று கூசினேன்.

ஸ்டெல்லா காதருகே சொன்னார்: "மொத நாள் நானும் போட்டேன் அண்ணி. யாரும் பாக்கல."

போன மாதம் அந்தோணிக்குப் புது ஸ்கேன் எடுத்தோம். பழையது, புதியது, என் நோட்டு எல்லாவற்றையும் நீலக் கோப்பில் வைத்து ஸ்டெல்லா எடுத்துப்போனார். "சதை இளைச்சுதா, ரத்தம் பத்துதான்னு எங்க டாக்டராண்ட கேட்டுட்டு ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு சொல்றேன். அதுவரைக்கும் கிரேன் ஏறாதே. வெயிட்டு தூக்காதே" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள்தான் போன் வந்தது.

அடக்கத்தன்று தங்கையின் பெட்டியைத் தூக்க அந்தோணி குனிந்தார். தொட்டார். பிறகு கையை இழுத்துக்கொண்டார்.

"தூக்காதன்னு சொல்லிக்கீறா" என்று விலகி, கல்லறை வரை பெட்டிக்குப் பின்னால் மெதுவாக நடந்தார்.

போய் வா ஸ்டெல்லா. நீ கண்டு வியந்ததைப் படைத்தவரிடமே போகிறாய்.

முப்பதாம் நாள் பூசைக்கு வரும் அவரது ஆய்வகத்தாருக்கு ஒரு வார்த்தை. நீலக் கோப்பு அவர் மேசையில் இருக்கும். அட்டையில் என் கையெழுத்து. அந்தோணி இன்னும் கிரேன் ஏறவில்லை. ஏறலாமா என்று அந்த டாக்டரிடம் கேட்டு, தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.