ஜார்கோட்டில் மாற்றிச் சொன்னேன்

ருக்மிணியின் உயிரை நான் காப்பாற்றவில்லை. அவளைச் சாக விட்டுவிட்டு மலையேறிப் போனவள் நான்.

உங்களில் சிலர் என்னை பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் பார்த்திருப்பீர்கள். சனிக்கிழமை தவறாமல் ஓரமாக உட்கார்ந்து துளசி மாலை கட்டுவேனே, அவள்தான். "முக்திநாத்துக்கு நடந்தே போயிட்டு வந்தவங்க" என்று என்னைக் காட்டிப் பேசுவீர்கள். போதும்! கேட்டுக் கேட்டுக் காது கூசுகிறது.

நான் பத்தாவதோடு நின்றவள். பொள்ளாச்சிப் பக்கம் பிறந்து, கட்டிக்கொண்டவரின் வேலைக்காக நியூஜெர்சி வந்து சேர்ந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சமையலும் பெருமாளும்தான். நூற்றெட்டுத் திருப்பதிகளில் மனிதக் கால் போகக்கூடியவை நூற்றாறு. ஊருக்குப் போன விடுமுறைகளில் எல்லாம் ஓடி ஓடி நூற்றைந்தைச் சேவித்துவிட்டேன். மிச்சம் ஒன்று... நேபாளத்து முக்திநாத்.

அதைப் பக்தி என்று நினைத்தேன். பக்தியா அது? வெறி!

கம்ப்யூட்டர்காரர்கள் எல்லோரும் இரண்டாயிரமாவது வருஷத்தை நினைத்துப் பயந்து வேலை பார்த்த காலம். என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. துணைக்கு ஆள் தேடியபோது, மூன்று வாசல் தள்ளிக் குடியிருந்த ருக்மிணி, "நான் வர்றனுங்க்கா" என்றாள். ஏழு வயது மகளைக் கணவனிடம் விட்டுவிட்டு வந்தாள். என்னை நம்பி வந்தாள்!

ஒரு யாத்திரைக் குழுவோடு போனோம். சின்ன விமானம் எங்களை ஜோம்சோம் என்ற மலையூரில் இறக்கியது. குழுவில் வந்த மற்றவர்கள் குதிரை ஏறினார்கள். வழிகாட்டியும் அவர்களோடு போனார். நான்தான் நடந்தே வருவதாக வேண்டிக்கொண்டிருந்தேனே! பாதை ஒன்றுதான், ஊருக்கு ஊர் விடுதி உண்டு, தண்ணீர் மட்டும் நிறையக் குடியுங்கள் என்று அவர் படித்துப் படித்துச் சொன்னார்.

ருக்குவும் என்னோடு நடந்தாள். ஆற்றோரக் கல்லில் கால் வைத்து, முகத்தில் மண்ணை வாரி அடிக்கிற காற்றில் சிரித்துக்கொண்டே வந்தாள். "மருதமலைப் படியவே ஏற மாட்டன்னு அடம்புடிப்பனுங்க்கா. என்னயக் கொண்டாந்து இமயமலை ஏத்தறீங்களே, எங்க மாமியார் பாத்தா மயங்கி விழுந்துருவாங்க!"

அன்று காக்பேனி என்ற ஊரில் தங்கினோம். மறுநாள் ஏகாதசி. விடிந்ததும் நான் சொன்னேன்: "தரிசனம் முடியற வரைக்கும் பச்சத் தண்ணிகூட வேண்டாம் ருக்கு."

மூச்சே பஞ்சமான மலையில் நிர்ஜல விரதம்! அவள் "சரிங்க்கா" என்று கிளம்பிவிட்டாள்.

பாதி ஏற்றத்திலேயே தள்ளாடினாள். ஜார்கோட் கிராமத்து விடுதி வாசலில் சரிந்து உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். வயிற்றில் என்ன இருந்தது, வருவதற்கு? வெறும் மஞ்சள் நீர்.

"தல வெடிக்கறாப்ல இருக்குதுங்க்கா. எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது."

விடுதிக்காரி, என் வயதுதான் இருக்கும், ஒரு கிண்ணத்தில் ஆவி பறக்க சூப் கொண்டுவந்தாள். பூண்டு வாசனை. மலை ஏறி வருகிறவர்களுக்கு அங்கே அதுதான் கைவைத்தியம். ஏகாதசியில் பூண்டா! நான் கிண்ணத்தைத் தள்ளினேன். சூப் மண்ணில் கொட்டியது.

அவள் கோபப்படவில்லை. ருக்குவைத் தூக்கி நிறுத்தி நாலடி நடக்கச் சொன்னாள். கால் பின்னியது. பிறகு என் பக்கம் திரும்பி ஹிந்தியில் சொன்னாள். நியூஜெர்சியில் எடிசன் என்ற ஊரில் ஒரு குஜராத்திக்காரர் மளிகைக் கடையில் நாலு வருஷம் சாமான் அடுக்கியவள் நான். ஹிந்தி நன்றாகவே புரியும். ருக்குவுக்கு ஒரு சொல்லும் தெரியாது.

விடுதிக்காரி சொன்னது இது: "இப்போதே கீழே கொண்டுபோ. படுக்க விடாதே. இப்படிப் படுத்த ஒருத்தி இங்கேயே எழுந்திருக்காமல் போயிருக்கிறாள்."

"என்ன சொல்றாங்க்கா?" என்றாள் ருக்கு.

நான் சொன்னது இது: "ஒண்ணுமில்ல கண்ணு. செத்த நேரம் படுத்துத் தூங்குனா சரியாப் போயிரும்ங்கறாங்க."

தெரிந்தே மாற்றிச் சொன்னேன்... தெரிந்தே!

கீழே இறங்கினால் ஏகாதசி போய்விடும். மறுநாள் குழு திரும்பிவிடும். நூற்றைந்தோடு நின்றுவிடுவேன். ஒன்றரை மணி நேர நடையில் கோயில்! இதற்காக ஒரு பிள்ளையின் தாயைக் கட்டிலில் படுக்க வைத்துப் போர்த்திவிட்டுக் கிளம்பினேன்.

"அக்கா! உன் சாமி நாளைக்கும் அங்கேயேதான் இருப்பார்!" என்று விடுதிக்காரி பின்னாலிருந்து கத்தினாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கோயிலைச் சுற்றித் தண்ணீர் கொட்டுகிற மாட்டுமுகக் குழாய்கள் நூற்றெட்டிலும் நனைந்தேன். சன்னதியில் நின்று அழுதேன்... ஆனந்தக் கண்ணீராம், தூ! ஒரு தடவையாவது அவளை நினைத்தேனா? இல்லை. பெருமாளே, உன்மேலும் எனக்குக் கோபம்தான். என் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தியிருக்கக் கூடாதா? எல்லாம் தெரிந்த நீ, என்னை எப்படி உள்ளே விட்டாய்?

திரும்பி வந்தபோது கட்டில் காலி. விடுதியில் இருந்த பெரியவர் கீழே கையைக் காட்டினார். செத்துப்போய், ஆற்றோரம் கொண்டுபோய் எரித்துவிட்டார்களோ என்றுதான் முதலில் தோன்றியது. காக்பேனி வரை விழுந்தடித்து ஓடினேன்.

முந்தின நாள் தங்கிய அதே விடுதியில், சுவரில் சாய்ந்து ருக்கு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் உயிர் வந்திருந்தது. விடுதிக்காரி அவளைத் தன் குதிரையில் ஏற்றி, விழாமல் பிடித்தபடியே இறக்கிக் கொண்டுவந்திருக்கிறாள்.

"நீங்க சொல்லிட்டுப் போனதுனாலதானுங்க்கா இந்தம்மா குதிரை கொண்டாந்தாங்க? இல்லாட்டி இன்னேரம் நான் போய்ச் சேந்திருப்பன்!"

விடுதிக்காரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. எவ்வளவு சௌகரியம் எனக்கு!

"ஆமா கண்ணு" என்றேன்.

நாலு வருஷமாக ருக்கு இதை வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் புகழப் புகழ எனக்கு அவள்மேலேயே ஆத்திரம் வருகிறது. வாயை மூடடி என்று கத்தத் தோன்றுகிறது! ஒரு தடவைகூட உனக்குச் சந்தேகம் வரவில்லையா? அவ்வளவு பைத்தியக்காரியா நீ?... பாருங்கள், இப்போதும் குற்றத்தை அவள் தலையில் கட்டத்தான் பார்க்கிறேன்.

மனம் வருந்தினால் பெருமாள் மன்னிப்பார் என்று தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள். மன்னிக்க வேண்டியவள் மூன்று வாசல் தள்ளிக் குடியிருக்கிறாள். அவளிடம் போக எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் தருகிற மரியாதை போய்விடுமே என்ற பயம்! இதில் என் பெயரைக்கூட நான் எழுதவில்லை, கவனித்தீர்களா?

போன ஞாயிற்றுக்கிழமை ருக்குவின் மகளுக்குப் பிறந்தநாள். பதினொரு வயது. தமிழ் புரியும், பேச வராது. கூடம் நிறைய ஆட்கள் கேக் தட்டோடு நின்றார்கள்.

"பெரியம்மா கால்ல விழுந்து கும்பிட்டுக்கோ. உனக்கு அம்மான்னு ஒருத்தி இருக்கறதே இவங்களாலதான்" என்றாள் ருக்கு.

அந்தக் குழந்தை குனிந்து என் இரண்டு காலையும் தொட்டது. "தேங்க் யூ ஃபார் சேவிங் மை மாம், ஆன்ட்டி."

காலை இழுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதன் தலையில் கை வைத்து, "நல்லா இரு சாமி" என்றேன்.

குரல்கூட நடுங்கவில்லை.