சிவக்காத சுண்ணாம்பு

ஒரு சிட்டிகை மஞ்சள்தூளை வெள்ளைத்தாளில் கொட்டி, அதன்மேல் சுண்ணாம்பைத் தடவிப் பார்க்கிறார் மருதப்பன். பளீரென்று இரத்தச் சிவப்பாக மாறினால்தான் வாங்குவார். செங்கல் பொடிபோல மங்கினால் மாவு கலந்திருக்கிறது என்று தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடந்துவிடுவார். சனிக்கிழமை மாலையில் சிங்கப்பூர்த் தேக்காவின் பலசரக்குக் கடைகளில் இந்தச் சோதனையைப் பார்க்கலாம். மஞ்சள் தேறிய பிறகு ஒரு கவுளி வெற்றிலை, கொட்டைப்பாக்கு, ஈரச் சுண்ணாம்பு.

"என்னண்ணே, வாராவாரம் யாருக்குக் கல்யாணம் செஞ்சு வைக்கிறீங்க?" என்பார் கடைக்காரர் நாகூர் கனி.

"நம்ம ஆளுங்களுக்கும் எமனுக்கும் நடக்கப்போற கல்யாணத்த நிறுத்தப் போறேன், பாய்."

மருதப்பன் வெற்றிலை போடுவதில்லை. வாங்குவதெல்லாம் பிறருக்காக. மெலிந்த உடம்பு, கழுத்துவரை பொத்தான் போட்ட காக்கிச் சட்டை, சதையை ஒட்டி வெட்டிய நகங்கள். உள்ளங்கைகள் கோடைக் குளத்தின் தரைபோல வெடித்திருக்கும். கடையில் சில்லறையைக் கையில் வாங்கமாட்டார். பலகைமேல் வைக்கச் சொல்லி எடுத்துக்கொள்வார். பக்கத்தில் போனால் ஒரு நெடி வரும். பூச்சிமருந்து வாடை என்று எல்லாரும் சொல்கிறார்கள். "மருந்து வாடை இல்ல, அதக் கழுவுற சவுக்காரத்தோட வாடை," என்று அவரும் சொல்லிப் பார்த்துவிட்டார். சோப்பை மூக்கருகே கொண்டுபோய்க் காட்டியதும் உண்டு. ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

முன்பு பஃபலோ ரோட்டில் ஒரு கூட்டு அறையில் கட்டில் போட்டிருந்தார். அவருடைய கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் நடுவில் இருந்த இடைவெளி மாதாமாதம் அகன்றுகொண்டே போயிற்று. யாரும் சண்டை போடவில்லை. கடைசியில் அறைக்குப் பெரியவர் ஒருவர் வந்து, "தப்பா நெனைக்காதீங்க மருதப்பன், புள்ளகுட்டிங்க வந்து போற எடம்," என்றார். மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டார். இப்போது கம்போங் கப்போரில் ஒரு பழைய கடைவீட்டின் படிக்கட்டுக்குக் கீழே இருக்கிறார். மேலே குடியிருப்பவர்கள் ஏறி இறங்கும் ஓசை தலைக்கு மேல் கேட்டுக்கொண்டிருக்கும். காலடியை வைத்தே ஆளைச் சொல்வார். முகம் பார்த்துப் பேசியவர்கள் குறைவு.

வாரத்தின் மற்ற நாள்களில் அவருக்கு ஜூரோங்கில் வேலை. குன்றுகளை வெட்டிச் சதுப்பை நிரப்பி ஆலைகளுக்கு இடம் செய்கிறார்களே, அதற்கு அப்பால், தோட்டங்களுக்கு நடுவில், அரசாங்கப் பூச்சிமருந்துக் கிடங்கு ஒன்று தகரக் கூரையோடு நிற்கிறது. மருதப்பன் அதற்குக் காவலர், எழுத்தர், கூட்டுபவர் எல்லாம். லாரி வரும், ஓட்டுநர் தூரத்திலேயே நிறுத்திக் கையசைப்பார், மருதப்பன் தகர டின்களைக் கொண்டுபோய் வைப்பார், லாரி போகும். பிறகு அவரும் பீப்பாய்களும்தான். பேச்சு மறந்துவிடக் கூடாதே என்று ஞாயிற்றுக்கிழமை தாம் எடுக்கும் வகுப்பின் பாடத்தைப் பீப்பாய்களிடம் ஒப்பித்துப் பார்ப்பார். மூலையில் கிடக்கும் பெருத்த பீப்பாய்க்குத் துரைசாமி என்று பெயர். எது கேட்டாலும் வாயைத் திறக்காது என்பதால் அந்தப் பெயர்.

உண்மையான துரைசாமி அந்த வகுப்புக்கு வருகிறவர், ஹாலந்து ரோட்டில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவின் தோட்டக்காரர். அவரும் லேசில் வாயைத் திறக்கமாட்டார், வெற்றிலை அடக்கியிருப்பதால்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு பிறந்தது ஒரு சாவிலிருந்து. மருதப்பன் அப்போது மருந்தடிக்கும் ஆள். இராமசாமி என்பவர் கூட்டாளி. இருவரும் தெம்பனிஸ் ரோட்டுக் காய்கறித் தோட்டங்களுக்குப் போய், புதிதாக வந்த மருந்து ஒன்றைத் தண்ணீரில் கரைத்துச் செடிகளுக்கு அடித்தார்கள். முடிந்ததும் இராமசாமி தென்னையடியில் உட்கார்ந்து, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி மென்றார். பொழுது சாயுமுன் வாயில் நுரை. கண்பாவை கடுகாகச் சுருங்கிவிட்டது. பஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. மருந்து காற்றில் வந்து தாக்கியது என்றார்கள் மற்றவர்கள். மருதப்பன் மட்டும் அந்தச் சுண்ணாம்பு தடவிய விரலையே நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்ட சாவுகள் அங்குமிங்கும் நடந்த பிறகு அரசாங்கம் கொஞ்சம் பணம் ஒதுக்கியது. மருந்து புழங்குகிறவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி. கையுறை, முகமூடி, சோப்பு இலவசம். நான்கு மொழியில் துண்டுப் பிரசுரம். தமிழில் சொல்லித்தர ஆள் வேண்டுமென்றபோது மருதப்பன் கையைத் தூக்கினார். வேறு யாரும் தூக்கவில்லை. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்புறம் இருக்கும் ஒரு தமிழ்ப்பள்ளியில், ஞாயிறு காலையில் ஒரு வகுப்பறையைத் திறந்துவிட்டார்கள்.

ஆரம்பத்தில் பிரசுரத்தை உரக்க வாசித்தார். வந்தவர்கள் அதை வாங்கி, அழகாக மடித்து, அதற்குள் வெற்றிலையை வைத்துக்கொண்டார்கள். கையுறைகளைப் பற்றி ஒருநாள் விசாரித்தபோது துரைசாமி பெட்டியில் வைத்திருப்பதாகச் சொன்னார்.

"ஏன்யா போடல?"

"புதுசு லா வாத்தியாரே. அழுக்காயிடும்."

அதற்குப் பிறகுதான் மஞ்சள் வந்தது. ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து, இதுதான் மருந்து என்பார். ஆளாளுக்கு ஒரு கம்பு கொடுத்துக் கலக்கச் சொல்வார். டின்னில் ஊற்றச் சொல்வார். மூடியைத் திருகச் சொல்வார். பிறகு ஒன்றும் நடக்காததுபோல, "போங்க, தேத்தண்ணி குடிச்சிட்டு வெத்தல போட்டுட்டு வாங்க," என்று விட்டுவிடுவார். வெற்றிலைத் தட்டு சுற்றி வரும். நடுவில் ஒரே ஒரு கிண்ணம், அதில் எல்லாருக்கும் பொதுவான வெள்ளைச் சுண்ணாம்பு. ஒருவர்பின் ஒருவராக விரலை விடுவார்கள். முதல் விரல் பட்ட இடம் சிவக்கும். கடைசி ஆள் கிண்ணத்தை வாங்கும்போது உள்ளே ஆரத்தித் தட்டுபோல இருக்கும்.

முதல் முறை அதைப் பார்த்து வகுப்பே சிரித்தது. "வெத்தல போட்டா செவக்காதா?" என்று கேட்டார் துரைசாமி.

"வாய விடு. வெரலப் பாரு. கிண்ணத்தப் பாரு. ஒருத்தன் கையில ஒட்டுனது ஊருக்கே போயிருச்சு. இது மஞ்ச. அது மருந்தா இருந்தா?"

சிரிப்பு நின்றது. மங்களம் மட்டும், வாயிலிருந்ததைச் சன்னல் வழியாகத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். மங்களம் சாக்கடைகளில் கொசுமருந்து ஊற்றும் பெண்கள் குழுவை மேய்க்கும் மண்டோர். குரல் கனத்தது, வகுப்பில் யாராவது கொட்டாவி விட்டால் முதுகில் ஒன்று வைப்பார். மருதப்பனுக்கு நேர் எதிரே முன்பெஞ்சில் உட்காருபவர் அவர்தான். "பசியாறிட்டீங்களா அண்ணே?" என்று வாராவாரம் கேட்பார். மருதப்பனை யாராவது அப்படிக் கேட்பது அங்கே மட்டுந்தான். அந்தக் கேள்விக்காகவே சில ஞாயிறுகளில் பசியாறாமல் வந்து, "இன்னும் இல்ல தாயி," என்பார். மங்களம் தூக்குச்சட்டியிலிருந்து ஓர் இட்லியை எடுத்து வைப்பார்.

மழைநாளிலும் ஆள் வந்தது. மண்டாய் பக்கத்து ஆர்க்கிட் தோட்டத்திலிருந்து ஆம்ப்ரோஸ் என்பவர் மாதாகோயிலில் முதல் பூசையை முடித்துக்கொண்டு ஓடிவருவார். புதிதாக யாரைச் சேர்த்துக்கொண்டு வந்தாலும், பழையவர்கள் மஞ்சள் வித்தையை முன்கூட்டியே சொல்லாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். புது ஆளின் விரல் சிவந்ததும் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலின்போது மருதப்பனும் சிரிப்பார். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை என்பது அப்போதுதான் தெரியும்.

இந்த ஆண்டு கணக்குப் பார்க்கிறவர்களிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. பாதுகாப்புப் பயிற்சிக்காகக் கொடுத்த பணத்தில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, மஞ்சள் ஆகியவை எதற்கு வாங்கப்பட்டன? விளக்கம் எழுதிப் பார்த்தார். எழுத எழுத அது கல்யாணப் பத்திரிகை மாதிரியே ஆயிற்று. "நேர்ல வந்து பாருங்க சார்," என்று ஒரே வரியோடு அனுப்பிவிட்டார். வருவதாகப் பதில் வந்தது; பார்த்த பிறகே அடுத்த ஆண்டுக்குப் பணம் உண்டா என்று முடிவாகும் என்றும் இருந்தது.

வகுப்பில் அவர் ஒளிக்காமல் சொன்னார்: "அடுத்த ஞாயிறு ஆபீசர் வராரு. அவரு எழுதுறதப் பொறுத்துத்தான் இந்த வகுப்பு. இல்லேன்னா பூட்டிடுவாங்க."

"பூட்டிடுவாங்களா? நீங்க சும்மா இருங்க அண்ணே, நாங்க பாத்துக்கிறோம்," என்றார் மங்களம்.

வந்த அதிகாரி பாலகிருஷ்ணன் இளவயதுக்காரர்; தன்மையாகப் பேசினார்; கடைசிப் பெஞ்சில் இடுங்கி உட்கார்ந்துகொண்டார். அன்று எல்லாரும் தலைவாரி, வெளுத்த சட்டை போட்டு வந்திருந்தார்கள். துரைசாமி பெட்டியிலிருந்த கையுறைகளை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். மஞ்சளைக் கலக்கினார்கள், ஊற்றினார்கள், மூடியைத் திருகினார்கள். தேத்தண்ணி நேரம் வந்தது. மருதப்பன் அதிகாரியின் அருகில் போய், "இப்பப் பாருங்க சார், சுண்ணாம்பு எப்படிச் செவக்குதுன்னு," என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

சன்னலுக்கு வெளியே பள்ளிக்கூடத்துக் குழாய் தெரிந்தது. குழாயடியில் வரிசை நின்றது. மங்களம் சோப்புக்கட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவரையும் மிரட்டிக்கொண்டிருந்தார். "முட்டி வரைக்கும்யா! நகத்துக்குள்ள யாரு, உங்க ஆத்தாளா வந்து தேய்ப்பா? வாத்தியாரு மானம் போயிடக் கூடாது, தெரியுதா?"

மருதப்பன் பேச்சை நிறுத்தினார். இரண்டடி சன்னலை நோக்கி வைத்தார். வாய் திறந்தது. இரண்டு ஆண்டுகளாக, கழுவுங்க, கழுவுங்க என்று தொண்டை வறளக் கத்திய ஆள், இன்றைக்கு மட்டும் கழுவாதீங்க என்று எப்படிச் சொல்வார்? வாயை மூடிக்கொண்டார். சன்னல் கம்பியைப் பிடித்தபடி கடைசி ஆள் கழுவி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

தட்டு சுற்றியது. கிண்ணம் கைமாறியது. திரும்பி வந்தபோது சுண்ணாம்பு பால்போல வெள்ளையாக இருந்தது.

"சிவக்கும்னு சொன்னீங்களே?" என்றார் பாலகிருஷ்ணன்.

"எப்படி சார் செவக்கும்?" மங்களம் எழுந்துவிட்டார். "நாங்கதான் கழுவிட்டோம்லா! எல்லாரும் கையைக் காட்டுங்க!"

வகுப்பு முழுவதும் கைகளை நீட்டியது. சேற்றிலும் புல்லிலும் காய்த்துப்போன கைகள், நகக்கண்வரை சுத்தமாக. பாலகிருஷ்ணன் ஒவ்வொரு வரிசையாக நடந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. ஆம்ப்ரோஸின் தோளைத் தட்டினார். துரைசாமிகூட வாயைத் திறந்து, "நல்ல வாத்தியாரு சார்," என்றார்.

பிறகு அதிகாரி மருதப்பனைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார்.

"ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க. குடுத்த பணம் வீண் போகலன்னு எழுதிடுறேன். வெத்தல பாக்குப் பிரச்சின முடிஞ்சது."

"அடுத்த வருஷம் சார்?"

"இங்க வேல முடிஞ்சிருச்சே. லிம் சூ காங்ல சீன விவசாயிங்க எவ்வளவு பேரு இந்த மருந்தோட கஷ்டப்படுறாங்க தெரியுமா? அடுத்த வருஷப் பணம் அவங்களுக்குப் போகட்டும்."

"புது ஆளுங்க வருவாங்க சார்."

"அதுக்கென்ன, கையைக் காட்டச் சொன்னாங்களே, அந்த அம்மா ஒருத்தரே போதுமே, சொல்லிக் குடுத்துடுவாங்க." சிரித்துவிட்டு, அக்கறையோடு சேர்த்தார்: "நீங்களும் ஞாயித்துக்கெழமையாவது வீட்ல ரெஸ்ட் எடுங்க, மிஸ்டர் மருதப்பன்."

சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. லிம் சூ காங்கிலும் ஆள்கள் வெறுங்கையால்தான் கலக்குகிறார்கள். அது மருதப்பனுக்குத் தெரியும். "சரிங்க சார்," என்றார். கார் போகும்வரை வாசலில் நின்றார்.

உள்ளே கல்யாண வீட்டுச் சத்தம். யாரோ மிச்சமிருந்த மஞ்சள் தண்ணீரைத் துரைசாமியின் வெள்ளைச் சட்டையில் தெளித்துவிட்டார்கள். "ஆபீசர் முகத்தப் பாத்தீங்களா? அசந்துட்டாரு," என்று மங்களம் வெளியே வந்தார். "ஜெயிச்சிட்டோம்ல அண்ணே?"

மருதப்பன் அவரை ஒரு கணம் பார்த்தார். "ஜெயிச்சிட்டோம் தாயி."

பேச்சும் கேலியுமாக அவர்கள் சிராங்கூன் ரோட்டுக்கு நடக்க, அவர் சற்றுப் பின்னால் போனார். பஸ் வந்தது. முண்டியடித்து ஏறினார்கள். பஸ் நகரத் தொடங்கியபோது மங்களம் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, தெருச் சத்தத்துக்கு மேலே கத்தினார்:

"அடுத்த வாரம் ஒம்போது மணிக்குத்தானே அண்ணே?"

மருதப்பன் நடைபாதையின் விளிம்புக்கு வந்து, இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, பத்து விரலையும் விரித்து, ஒன்றை மட்டும் மடக்கிக் காட்டினார். பஸ் வளைவில் திரும்பும்வரை கைகளை இறக்கவில்லை.