மாடிப்படியில் சொன்னது

என் வீட்டுக்காரர் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பம்பரம் என்று பெயர். வைத்தவள் நான்தான். எனக்குப் பின்பெஞ்சில் உட்கார்ந்து ஓயாமல் காலை ஆட்டுவார், என் கையெழுத்து கோணிக்கொண்டு போகும். அந்த மனுஷனையே கட்டிக்கொள்வேன் என்று யாருக்குத் தெரியும்? கல்யாணமானதும், "டேய்" என்று கூப்பிட்டு வளர்ந்தவரை "என்னங்க" என்று கூப்பிடச் சொல்லி மாமியார் உத்தரவு போட்டார். விருந்தாளிகள் முன்னால் என்னங்க, கோபம் வந்தால் டேய் என்று நானாக ஒரு சமரசம் செய்துகொண்டேன்.

ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டினார், பள்ளி வேன் ஓட்டினார், எதிலும் மனசு ஒட்டவில்லை. ஆம்புலன்ஸ்தான் அவருக்கென்றே அளவெடுத்துச் செய்த வேலை. சாப்பாட்டை நின்றுகொண்டே விழுங்குவார். எந்த விசேஷத்துக்குப் போனாலும் வாசலை ஒட்டிய நாற்காலிதான். சொந்த ஸ்கூட்டரைக்கூட மூக்கு தெருவைப் பார்க்கிற மாதிரி நிறுத்துவார். எனக்கு இதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் போன மாதம் அவர் பட்ட அவஸ்தை வேறு மாதிரி இருந்தது.

பழைய மாணவர் சந்திப்பு என்று எங்கள் வகுப்பு வாட்ஸாப் குழுவில் தேதி போட்டதிலிருந்து ஆரம்பம். நடுச் சாப்பாட்டில் எழுந்து குழாய் மூடியிருக்கிறதா என்று பார்ப்பார். பூட்டிய கதவைத் திறந்து மறுபடி பூட்டுவார். துடைத்த வண்டியையே துடைப்பார். கூடப் படித்தவர்களில் ஒருத்தன் டாக்டர், ஒருத்தி பேங்க் மேனேஜர், அதனால் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். "உங்க சட்டையை இஸ்திரி போட்டுட்டேன், ராஜா மாதிரி வாங்க" என்று சொன்னால், "நான் வரலை, டியூட்டி இருக்கு" என்றார். டியூட்டி இல்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குச் சுருக்கென்றது.

சந்திப்புக்கு முதல் நாள் சாயங்காலம் அவரைச் சமையலறையில் மடக்கினேன். கதவை மறித்து நின்றுகொண்டு, "டேய், என்னன்னு சொல்லிட்டு நகரு" என்றேன்.

"மைனா போட்டதைப் படிச்சியா?" என்றார்.

படித்திருந்தேன். மைனா என் பெஞ்சுக்காரி. வாய் மூடாமல் பேசுவாள், அதனால் அந்தப் பெயர். அவள் புருஷன் மாரடைப்பில் போய்ச்சேர்ந்த விஷயம் எனக்குக் குழு மூலம்தான் தெரிந்தது. சந்திப்புத் தேதி போட்ட அன்றே அவள் எழுதியிருந்தாள்: "நம்மில் யாருக்காவது ஆம்புலன்ஸ் ஆட்களைத் தெரியுமா? என் கணவரைத் தூக்கிப் போனவரைத் தேடுகிறேன். மாடிப்படியில் இறக்கும்போது அவர் காதில் என் கணவர் ஏதோ சொன்னார். அது என்ன என்று தெரிந்தால் போதும். ஆபீசில் கேட்டால் டிரைவர் விவரமெல்லாம் தர மாட்டோம் என்கிறார்கள்."

"அந்த டிரைவர் நான்தான்" என்றார் பம்பரம்.

அவர் நின்ற இடத்திலேயே கரண்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்து, தலைப்பக்கம் இவரும் கால்பக்கம் நர்ஸும் பிடித்து இறக்கியிருக்கிறார்கள். வீட்டம்மா கதவைப் பூட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் அவள் அழுத குரலைக் கேட்டுத்தான் மைனா என்றே இவருக்குத் தெரிந்திருக்கிறது. தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க். அவளுக்கு இவரை அடையாளம் தெரியவில்லை. இவர் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"சரி, அவர் என்ன சொன்னாரு?"

"பால் அடுப்புல இருக்குன்னாரு."

"அவ்வளவுதானா?"

"அவகிட்ட சொல்லுங்கன்னு ஆரம்பிச்சாரு. பேசாதீங்க சார், மூச்சை மிச்சம் பிடிங்க, எல்லாம் அப்புறம் பேசிக்கலாம்னு நான் அடக்கிட்டேன். எல்லார்கிட்டயும் சொல்றதுதான். அவளுக்குச் சொல்ல வேற ஏதாவது இருந்திருக்கும். அதை நான் கெடுத்துட்டேன்."

நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "உடம்பை நல்லா பார்த்துக்கச் சொன்னாருன்னு அவகிட்ட சொல்லிடு. அவ கேக்கறது அதுதான். பாலையும் அடுப்பையும் போய்ச் சொல்லி வைக்காதே" என்றேன். புருஷன் கடைசியாகப் பாலைப் பற்றிப் பேசினார் என்று கேட்டால் எந்தப் பெண்ணுக்கு மனசு ஆறும்? அந்த வாக்கியத்தை அவரை மறுபடி மறுபடி சொல்லவைத்தேன். தலையாட்டினார்.

மறுநாள் எங்கள் பழைய வகுப்பறையிலேயே உட்காரவைத்தார்கள். பெஞ்சுகள் அதே பெஞ்சுகள். நாங்கள்தான் பெருத்துவிட்டோம். ஒட்டகம் என்று நாங்கள் கூப்பிடும் நெட்டையன் மைக்கைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒவ்வொருவராக எழுந்து என்ன வேலை பார்க்கிறோம் என்று சொல்ல வேண்டுமாம். மைனா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வந்ததிலிருந்து நாலு வார்த்தை பேசியிருப்பாள். பின்னால் பம்பரத்தின் கால் ஆடி ஆடி எங்கள் பெஞ்சே நடுங்கியது.

அவர் முறை வந்தது. எழுந்தார். "ஆம்புலன்ஸ்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு நேராக வெளியே போய்விட்டார். மைனா சட்டென்று எழுந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

தண்ணீர்க் குழாயடியில் நின்றிருந்தார். குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"உனக்கு அந்த டிரைவரைத் தெரியுமா?" என்று மைனா கேட்டாள்.

நான் அவர் முழங்கையைக் கிள்ளினேன். சொல்லு, சொல்லித்தொலை என்று அர்த்தம்.

"நான்தான் மைனா. உன்கிட்ட வந்து சொல்ல எனக்குத் தைரியம் இல்லை."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "அவர் என்னடா சொன்னாரு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணால் மிரட்டினேன். வாயைத் திறந்தார், மூடினார். எனக்குப் பொறுமை போய்விட்டது, நானே சொல்லிவிடலாம் என்று அவள் தோளில் கையை வைத்தேன். அதற்குள் அவர் பேசிவிட்டார்.

"பால் அடுப்புல இருக்கு, அவகிட்ட சொல்லுங்கன்னாரு. அதுக்கு மேல நான் பேச விடலை. பேசாதீங்கன்னுட்டேன். வேற என்ன சொல்ல வந்தாருன்னு எனக்குத் தெரியாது. என்னை மன்னிச்சுடு."

பாவி மனுஷா என்று எனக்கு வாய்வரை வந்தது. மைனா கோபப்படவில்லை. குழாய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பாலா?" என்றாள்.

உள்ளே ஒட்டகம் ஏதோ சொல்லி எல்லோரும் கைதட்டினார்கள். அவள் அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

"வேற ஒண்ணும் இருக்காது. வண்டியிலயும் அதைத்தான் சொல்லப் பார்த்திருக்காரு. வாயைத் திறந்துக்கிட்டே இருந்தாரு. பேசினா மூச்சு வாங்குமேன்னு நான் ஒவ்வொரு தடவையும் அவர் வாயைக் கையால பொத்தினேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பொத்திக்கிட்டே வந்தேன்." அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "அடுப்பை அணைச்சுட்டுத்தானே கதவைப் பூட்டினேன். அணைச்சுட்டேங்கன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."