பெரியம்மா அழக் கூடாத ஆறு வாரம்

போன மாதம் எனக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட்டேன். கண்ணைக் கசக்காதீர்கள், வேளைக்குச் சொட்டு மருந்து விடுங்கள், சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள் என்று சின்ன வயது டாக்டர் பெண் அடுக்கிக்கொண்டே போனாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "அழலாமா?" என்று கேட்டேன். "எதுக்கு ஆன்ட்டி அழணும்?" என்று சிரித்தாள். அவளுக்கு எப்படித் தெரியும்?

அறுபதுகளின் கடைசியில், எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, புரை எடுப்பது இவ்வளவு சுலபமில்லை. தாம்பரத்தில் எங்களோடு இருந்த பெரியம்மா பள்ளிக்கூட டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஐம்பது வயதுக்குள் இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. நோட்டைத் தலைகீழாக நீட்டினாலும் டீச்சர் 'குட்' போட்டுக் கொடுக்கிறார் என்று பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்த பிறகும், ஆபரேஷன் என்ற பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள்.

அவளைச் சம்மதிக்க வைத்தது மாமா. அவளுக்கும் அம்மாவுக்கும் ஒரே தம்பி. பொழிச்சலூரில் ரூம் எடுத்துத் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல், கண்ணுக்கு நல்லது என்று பொன்னாங்கண்ணிக் கீரையைக் கட்டுக்கட்டாக சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். கீரை தின்று தின்று எனக்குத்தான் நாக்கு செத்தது. ஒருநாள் மாமா, "கண்ணு தெரியாம எனக்கு எப்படிக்கா பொண்ணு பாப்ப?" என்று ஒரே போடாகப் போட்டார். மறுவாரமே பெரியம்மா கிளம்பிவிட்டாள்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து அசையாமல் படுக்கப் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, குனியக் கூடாது, இருமக் கூடாது, முறுக்கு கடிக்கக் கூடாது என்று ஏகப்பட்ட கூடாதுகள். எல்லாவற்றையும்விட முக்கியம், அழக் கூடாது. ஆறு வாரம் கழித்துக் கண்ணாடி போடும்வரை அழுதால் தையல் விட்டுப்போகும், கண் போனது போனதுதான் என்றார்களாம். ஜன்னலைச் சாத்தி இருட்டாக்கிய அறையில், ஒரு கண்ணில் கட்டும் இன்னொரு கண்ணில் புரையுமாகப் பெரியம்மா படுத்திருந்தாள்.

இரண்டாவது வாரம் மாமா செத்துப்போனார். வேலைக்குப் போகிற வழியில் நெஞ்சுவலி. முப்பத்திரண்டு வயது.

அப்பாவும் அம்மாவும் சமையலறையில் கிசுகிசுவென்று பேசி முடிவெடுத்தார்கள். கண்ணாடி போடும்வரை பெரியம்மாவிடம் சொல்வதில்லை. கேட்டால், மாமா ஆபீஸ் வேலையாக நாக்பூர் போயிருக்கிறார். அவள் இருந்ததால் மாமாவை வீட்டுக்கே கொண்டுவரவில்லை, நேரே சர்ச்சுக்குக் கொண்டுபோனார்கள். எல்லோரும் அங்கே போய்விட, பெரியம்மாவுக்குத் துணையாக நான் மட்டும். அழக் கூடாது என்பது அவளுக்கு மட்டுமா, எனக்கும் சேர்த்தா என்று யாரும் சொல்லவில்லை. நானும் அடக்கிக்கொண்டேன்.

மூன்று மணிக்கு சர்ச் மணி, சாவுக்கு அடிப்பதுபோல, ஒவ்வொன்றாக விட்டு விட்டு அடித்தது. இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

"யாருக்குடி மணி?"

"தெருக்கோடி ஹெட்மாஸ்டர் தாத்தாவுக்கு," என்றேன். வாயில் வந்த பெயர் அதுதான்.

"அடப் பாவமே! காலையில கூட இருமிக்கிட்டே போனாரே. அந்தம்மா தனியாயிட்டாங்களே," என்றாள். அவர் மனைவிக்காக ஜெபம் பண்ணச் சொன்னாள். நான் கட்டிலருகே முழங்காலில் நின்று, உயிரோடு இருக்கும் மனிதரின் குடும்பத்துக்கு ஆறுதல் வேண்டினேன். மனதுக்குள் மாமாவைத்தான் நினைத்துக்கொண்டேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. அவ்வளவு தனியாக அதற்கு முன் நான் இருந்ததில்லை.

அம்மா அன்றிலிருந்து அழ வேண்டுமென்றால் கிணற்றடிக்குப் போவாள். ராட்டினத்தின் கிரீச் சத்தத்தில் எதுவும் கேட்காது. இரண்டு பேருள்ள வீட்டுக்கு நாலு அண்டா தண்ணீர் இறைத்தால் யாருக்கும் சந்தேகம் வரும். எங்கள் வீட்டில் நாலு பேர் என்பதால் சமாளித்தாள்.

நாலாம் நாள் சாயங்காலம் வாசலில் இருமல் கேட்டது. கையில் ஆரஞ்சுப் பழத்தோடு ஹெட்மாஸ்டரே நின்றார். உடம்பு விசாரிக்க வந்திருக்கிறார். என் பொய் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

"எப்டிம்மா இருக்கீங்க?" என்றார் அவர்.

பெரியம்மா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "வாங்க சார், உக்காருங்க. வீட்ல அம்மா சௌக்கியமா?" என்றாள். அவ்வளவுதான். மணி அடித்ததை மறந்துவிட்டாள், பிழைத்தேன் என்று நினைத்தேன்.

அன்று விளக்கு வைத்ததும் என்னைக் கூப்பிட்டாள். "கட்டுத் துணி ஈரமா இருக்கா பாரு. தொடாம பாரு." கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "காஞ்சுதான் இருக்கு பெரியம்மா," என்றேன். "சரி, போ," என்றாள். பிறகு ஒவ்வொரு நாளும் விளக்கு வைத்தவுடன் இதே கேள்வி. டாக்டர் பார்க்கச் சொல்லியிருப்பார் என்று நானும் பொறுப்பாகப் பார்த்துச் சொன்னேன். நாக்பூர்த் தம்பியைப் பற்றி மட்டும் அவள் கேட்கவே இல்லை. அக்கா தம்பி பாசமெல்லாம் இவ்வளவுதானா என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

ஆறு வாரம் முடிந்து சோடாபாட்டில் கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு அம்மாவையே பார்த்தாள். "ரொம்ப எளச்சிட்டடி," என்றாள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அக்கா, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும். ரிக்‌ஷாவுக்குச் சொல்லுங்க. கல்லறைக்குப் போணும்."

"நான் சொல்லவே இல்லம்மா!" என்று கத்தினேன். என்னை யாரும் கவனிக்கவில்லை.

"கண்ணு நல்லா தெரியுதா டீச்சரம்மா? குந்து, மெதுவா இஸ்துகினு போறேன்," என்றார் ரிக்‌ஷாக்காரர். கல்லறையில் புது மண் இன்னும் அமுங்கியிருக்கவில்லை. பெரியம்மா கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். பிறகு அழுதாள். அப்படி ஓர் அழுகையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நடுவில் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீயும் அழுடி. உனக்கென்ன ஆபரேஷனா பண்ணியிருக்கு?" என்றாள். எனக்கு அப்போதுதான் வந்தது.

கட்டுத் துணியைப் பார்க்கும்படி எந்த டாக்டரும் சொல்லவில்லை என்று பல வருஷம் கழித்து அம்மா சொன்னாள். கேட்டதும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது. தம்பி ஆசைப்பட்டுக் கொடுத்துவிட்டுப் போன கண்ணை அவள் எப்படிக் காத்தாள் என்பது, தினமும் கிட்டே நின்று பார்த்த எனக்கு அப்போது புரியவில்லை. அந்த ஆறு வாரத்தில் நான் அவளிடம் சொன்ன உண்மை அது ஒன்றுதான். துணி காய்ந்துதான் இருந்தது.