அண்ணனோட ஆறு மணி மோட்டார்

மோட்டார் ரூம்ல எப்பவும் ஈர சிமெண்ட் வாசனையும் சூடான ஒயர் வாசனையும் சேர்ந்து வரும்... அது மூக்குல ஏறினாலே எனக்கு அண்ணன் குரல்தான் கேக்கும். "அஞ்சு மணிக்கு எவன்டா மோட்டார் போட்டது?"

மந்தைவெளி அபார்ட்மெண்ட்ல அவன் கீழ் வீடு, நான் மூணாவது மாடி. நான் தரமணிக்கு ஆபீஸ் பஸ் பிடிக்கணும், அதனால அஞ்சுக்கே தண்ணி ஏத்தணும்னு என் கட்சி. அவன் ஜன்னலை ஒட்டியே மோட்டார் ரூம். ஆறுக்கு முன்னாடி போடவே கூடாதுங்கறது அவன் கட்சி.

மாசாமாசம் மொட்டை மாடியில அசோசியேஷன் மீட்டிங். எல்லாரும் பஜ்ஜி சாப்பிடுவாங்க, நாங்க ரெண்டு பேரும் கத்துவோம்.

"நீ இன்னா பெரிய கலெக்டரா? லேட்டா போனா ஆபீஸ் இடிஞ்சுடுமா?"

முடிஞ்சதும் அவனே என் வீட்டுக்கு காபிக்கு வந்து நிப்பான். பாசமா பேசிக்கிட்டதா ஞாபகமே இல்ல. எங்க பேச்சே அதுதான்.

போன வருஷம் ஹார்ட் அட்டாக்ல போயிட்டான். எல்லாரும் அழுதாங்க. எனக்கு ஒரு சொட்டு வரல. கல்நெஞ்சக்காரன்னு சொந்தக்காரங்க காதுபடவே பேசினாங்க. எனக்குக் கோபம்தான் வந்துச்சு... எல்லார் மேலயும். அவன் மேலயும்.

அடுத்த மீட்டிங். செக்ரட்டரி மெதுவா ஆரம்பிச்சார். "மோட்டாரை இனிமே அஞ்சுக்கே போட்டுடலாம். எதிர்ப்பு சொல்ல யாரும் இல்லையே."

யாரும் இல்லையா?

எழுந்து நின்னேன். "ஆறுக்கு முன்னாடி போடக்கூடாது சார்!"

"நீங்கதானே சார் இத்தனை வருஷமா அஞ்சு கேட்டீங்க?"

"கேட்டேன். இன்னைக்கு எங்க அண்ணன் சார்பா பேசறேன். விட மாட்டேன்."

அவன் சொல்ற பாயிண்ட் ஒண்ணு விடாம சொன்னேன். எல்லாம் எனக்கு மனப்பாடமாச்சே. பாதியில குரல் உடைஞ்சு போச்சு... அழுதுக்கிட்டேதான் சண்டை போட்டேன்.

பின்னாடி உக்காந்திருந்த அண்ணி, "தம்பி, அப்படியே அவர் மாதிரியே கத்துறீங்க"ன்னு சொல்லிட்டு அவங்களும் அழுதாங்க.

கொஞ்சிப் பழகினவங்களுக்குக் கண்ணீர் உடனே வருமோ என்னவோ... சண்டை போட்டே பழகின எனக்கு, சண்டை போட்டாத்தான் வந்துச்சு.

இப்பவும் மோட்டார் ஆறுக்குத்தான் ஓடுது. நான் முந்தின நாள் புடிச்சு வெச்ச தண்ணியில குளிச்சிட்டு பஸ்ஸுக்கு ஓடறேன். யார் வந்து கேட்டாலும் மாத்த விட மாட்டேன்.

அப்போ மீட்டிங்னா ரெண்டு குரல்... இப்போ அவன் குரலா நான் பேசறேன், அஞ்சு மணிக்காகப் பேசத்தான் ஆள் இல்லை.