பறக்காத வண்டு

பெருமுக்கல் மலையடியில், பாறைகளுக்கு நடுவே, வெள்ளைப் புள்ளி போட்ட கறுப்பு வண்டு ஒன்று மண்ணில் ஓடித் திரியும். சீண்டினால் எரிகிற நீரைப் பீய்ச்சும்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய வருஷம் எனக்குப் பன்னிரண்டு வயது. அக்காவைப் பெண் பார்க்க வரும் நாளன்று, அவள் தன் புது ரிப்பனைத் தரவில்லை என்ற கோபத்தில், அந்த வண்டை ஓலையில் ஏந்திவந்து அவள் முகத்தில் வீசினேன். கண் வீங்கிவிட்டது. வந்தவர்கள் வெற்றிலையைக்கூடத் தொடாமல் கிளம்பினார்கள்.

“தானா பறந்து வந்துச்சும்மா,” என்றேன்.

“அது பறக்காதே?” அம்மா என்னையே பார்த்தாள்.

“வெறகு பொறுக்கிக்கினு இருந்தப்ப நான்தாம்மா கல்லப் பொரட்டிட்டேன்,” என்றாள் அக்கா.

நான் அந்த ஓலையை அடுப்பில் செருகினேன். அடுத்த வருஷம் அவளுக்குத் திண்டிவனத்தில் கல்யாணம் ஆனது. அவள் பிள்ளைகள் ஆசையாகச் சின்னம்மா என்று கூப்பிடும்போது இன்றும் கூசிப்போகிறேன்.