அக்காவின் படையலுக்கு ஒரு ஜெர்மன் ஒயின்

சுங்கை பட்டாணியில் காலை எட்டு மணிக்குப் புறப்பட்ட பேருந்து மலாக்கா சென்ட்ரல் நிலையத்துக்குள் நுழைந்தபோது மாலை நான்கைத் தாண்டியிருந்தது. ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர். கட்டணம் அறுபத்தைந்து வெள்ளி. வழியெல்லாம் மழை. பக்கத்து இருக்கைக்காரர் தாப்பா வரை தூங்கிவிட்டு, விழித்ததும், "கல்யாணத்துக்கா போறீங்க?" என்று கேட்டார். "அக்காவுக்கு வருசத் திவசம்" என்றேன். அவர் தன் கையிலிருந்த கச்சாங் கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.

நிலையத்து வாசலில் அக்கா மகள் தரணி காருடன் காத்திருந்தாள். அக்காவின் வீடு மெர்லிமாவில். மலாக்கா நகரத்திலிருந்து தெற்கே இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். ஆனால் தரணி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"மாமா, வீட்டுக்குப் போறதுக்கு முந்தி ரெண்டு கடைக்குப் போகணும் லா. அப்பா ஒன்னு தேடச் சொன்னாரு."

"என்ன?"

"ஒயின். ஜெர்மன் ஒயின். நாளைக்கு அம்மா படையல்ல வைக்க."

நான் அவளைப் பார்த்தேன். இறந்தவருக்குப் பிடித்ததை இலையில் வைப்பது எங்கள் வழக்கம்தான். எங்கள் அப்பாவுக்குப் பிராந்தியும் சுருட்டும் வைத்தோம். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் கமலா அக்கா? தேநீரில் இனிப்புக் கட்டிப்பால் போதவில்லை என்று இன்னொரு கரண்டி ஊற்றிக்கொள்பவள். அவள் கையில் மதுக் கோப்பையை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

தரணி வண்டியை ஓட்டியபடியே சொன்னாள். கல்யாணத்துக்கு முன்பு அக்கா மலாக்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அங்கிருந்து மூன்று மாதப் பயிற்சிக்காக ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அது எனக்கும் தெரியும். அப்போது நான் பள்ளிக்கூடத்துப் பையன், அவள் கொண்டுவந்த சாக்லேட் மட்டும் நினைவிருக்கிறது. எனக்குத் தெரியாததை அவள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த கடைசி மாதத்தில் கணவரான அத்தானிடம் சொல்லியிருக்கிறாள். வூர்ட்ஸ்பர்க் என்ற ஊர். ஆற்றின் மேல் பழைய கல் பாலம். வேலை முடிந்ததும் ஊர்க்காரர்கள் பாலத்தில் நின்றபடியே வெள்ளை ஒயின் குடிப்பார்கள். கூட வேலை பார்த்த பெண் ஒருத்தி அக்காவுக்கும் ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்தாள். "அந்த மாதிரி ருசி அதுக்கப்புறம் நான் எதுலயும் பாக்கல" என்றாளாம். பெயர் அவளுக்கு மறந்துபோயிருந்தது. பாட்டிலின் உருவம் மட்டும் மறக்கவில்லை: பானையை இரண்டு பக்கமும் தட்டி அமுக்கினாற்போல் இருக்குமாம்.

நகரத்தில் இரண்டு பேரங்காடிகளில் தேடினோம். ஜெர்மன் ஒயின்கள் இருந்தன. எல்லாமே நெட்டையாக, ஒல்லியாக, பச்சையும் பழுப்புமாக நின்றன. விற்பனைப் பெண்ணிடம் தரணி கைகளால் உருவத்தைக் காட்டினாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு, அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை என்றாள்.

கடற்கரைச் சாலை வழியாகத் திரும்பினோம். செர்காமில் மீன் சுடும் கடைகளிலிருந்து புகை சாலைக்குக் குறுக்கே போனது. அதைத் தாண்டினால் இருபுறமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள். மெர்லிமாவ் கடைத்தெருவில் ஒரு சீனர் மளிகைக் கடை முன்னால் தரணி வண்டியை நிறுத்தினாள். "ஊதுபத்தி வாங்கணும்" என்று இறங்கினாள். நானும் இறங்கினேன்.

கடைக்கார அம்மாள் எஸ்டேட் ஆட்களோடு பழகித் தமிழ் பேசுகிறவர். ஊதுபத்தியை எடுத்துக் கொடுத்து, "அம்மாவுக்கு சாமி கும்பிடவா?" என்று கேட்டார். தரணி தலையாட்டினாள். பிறகு, கேட்பதில் அர்த்தமில்லை என்பதுபோலவே, கையால் அந்த உருவத்தைக் காட்டிக் கேட்டாள்.

அம்மாள் உள்ளே, குளிர்சாதனம் ஓடும் சிறிய அறைக்குப் போனார். திரும்பி வந்து மேசைமேல் ஒன்றை வைத்தார். பச்சைக் கண்ணாடி, தட்டை வயிறு, குட்டைக் கழுத்து.

"ஏஜென்ட் ரெண்டு குடுத்தான். ஒன்னு டாக்டர் வாங்குனாரு. இது யாருக்கும் வேணாம் லா, ஷேப் பாத்தே பயப்படுறாங்க."

தரணி அதைத் தொடாமல் நின்றாள். பிறகு இரண்டு கைகளாலும் எடுத்து, துப்பட்டாவால் தூசியைத் துடைத்தாள். லேபிளில் சில்வானர் என்றிருந்தது. நான் கேள்விப்படாத திராட்சை. கீழே சின்ன எழுத்தில் வூர்ட்ஸ்பர்க். அதை வாசித்ததும் அவள் கண் நிறைந்துவிட்டது. விலை நூற்று இருபது வெள்ளி. நான் கொடுத்தேன்.

வீட்டில் சமையலுக்கு உதவ வந்திருந்த பாக்கியம் அக்கா, அத்தானின் உடன்பிறந்த அக்காள், பாட்டிலைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"என்னடா முனியாண்டி இது? பொம்பளை இலையில தண்ணி வைப்பாங்களா?"

அத்தான் எண்ணெய் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன் அக்காளுக்கு எதிரே உட்காரக்கூடத் தயங்குகிறவர். "அவளுக்குப் புடிச்சதுக்கா" என்றார் மெதுவாக.

"புடிச்சா? இந்தக் கருமத்தால நான் பட்டது ஒனக்குத் தெரியாது? ஒன் பொண்டாட்டி நல்ல பேரோட போனவ. அவ பேர்ல ஏன் இத வைக்கிற?"

பாக்கியம் அக்காவின் கோபத்தில் நியாயம் இருந்தது. சம்சு என்ற மட்டச் சாராயம் குடித்தே செத்துப்போன மனிதரோடு குடும்பம் நடத்தியவர் அவர். தரணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அத்தான் கையமர்த்தினார்.

"அக்கா, மாமாவுக்கு வருசா வருசம் சம்சு வாங்கி வைக்கிறீங்க. அவர் குடிச்சிட்டு ஒங்கள அடிச்சாரு. நானே வந்து தடுத்திருக்கேன். கமலா யார அடிச்சா?"

பாக்கியம் அக்கா அடுப்பை அணைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகத் தன் வீட்டுக்குப் போய்விட்டார். அத்தான் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார்.

மறுநாள் நண்பகலில் படையல். அக்காவின் படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்து, சோறு, கோழிக்குழம்பு, வடை, கேசரி எல்லாம் வைத்தாயிற்று. ஓரத்தில் பாட்டில். விளக்கேற்றப் போகிற நேரத்தில் பாக்கியம் அக்கா வந்தார். குளித்து, நெற்றியில் திருநீறு பூசியிருந்தார். இலையை ஒரு பார்வை பார்த்தார்.

"மூடியோட வச்சா அவ எப்படிடா குடிப்பா? டம்ளர்ல ஊத்தி வை."

அவரே போய் எவர்சில்வர் டம்ளரை எடுத்து வந்தார். அத்தான் மூடியைத் திருகி ஊற்றினார். வைக்கோல் நிறம். வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம். வெயிலில் அத்தானும் அவருடைய அக்காளும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு படையல் டம்ளர் கைமாறியது. தரணிதான் முதலில் குடித்தாள். முகம் கோணியது.

"இனிப்பே இல்ல மாமா. இதுவா அம்மாக்குப் புடிச்சது?"

நானும் ஒரு வாய் குடித்தேன். பச்சை மாங்காய்த் தோலைக் கடித்த புளிப்பு. பின்னால் மழை நனைத்த கல்லின் வாசம்போல ஒன்று. அக்கா சமைத்த எதிலும், அக்கா எங்களுக்கு வாங்கிக் கொடுத்த எதிலும் இந்த ருசி இருந்ததில்லை. பாக்கியம் அக்கா வேண்டாம் என்று தலையசைத்தார்.

அத்தான் மீதியைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்கு நல்லா இல்ல" என்றார். "ஆனா அவ பொய் சொல்ல மாட்டா. இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா."

தரணி ஊற்றினாள். அவர் பிடிக்காத மருந்தை விழுங்குவதுபோல அல்லாமல், பழக்கமில்லாத ஓர் ஊரில் வழி விசாரித்துப் போகிறவரைப்போல, நிறுத்தி நிறுத்திக் குடித்தார்.

அன்று மாலையே மலாக்கா சென்ட்ரலில் பேருந்து ஏறினேன். சுங்கை பட்டாணியில் எங்கள் வீட்டுக் கூடத்திலும் அக்காவின் படம் இருக்கிறது. அதைப் பார்க்கிறவர்களிடம், எங்களைப் படிக்கவைத்தவள், பொறுமைசாலி என்று சொல்லுவோம். சொன்னதெல்லாம் உண்மை. பேருந்து ஆயர் குரோவைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியபோது, ஆற்றுக்கு மேலே, அந்நிய மனிதர்களுக்கு நடுவில், கையில் கோப்பையோடு தனியாக நிற்கிற இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தியை நினைத்துக்கொண்டேன். அக்காவுக்காக ஒரு வருடமாக அழுதிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்காக அன்றுதான் முதன்முதலாக அழுதேன்.